கிணற்றுக்குள் கூடும் கோடுகள்

சூலூரிலிருந்து கோயமுத்தூர் போகும் பஸ்ஸில் ஏறி, சிங்காநல்லூர் தாண்டியதும் இறங்கினால் அந்தப் பம்புக் கம்பெனி. கீழே வார்ப்படப் பட்டறை, மாடியில் வரைபட அறை. அங்கே நான்கு ஆண்களுக்கு நடுவே ஒரே பெண்ணாக உட்கார்ந்து வெங்கடலட்சுமி டிரேசிங் செய்தாள். தலைமை டிராப்ட்ஸ்மேன் சீனிவாசலு பென்சிலில் போட்டுத் தரும் படத்தின் மேல் வழவழப்பான டிரேசிங் துணியை விரித்து, மையால் அப்படியே பிரதி எடுக்க வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு வந்து சேர்ந்தவள். அவள் கோட்டில் பிசிறு பார்த்தவர் கிடையாது. ஆனால் சொந்தமாக ஒரு கோடு போட்டதும் கிடையாது.

1961 சித்திரையில் ஒரு காலை, வெள்ளகோவில் பக்கத்திலிருந்து செங்கோடன் என்ற விவசாயி மாடிப்படி ஏறி வந்தார். தோளில் துண்டு, கையில் நாலாக மடித்த காகிதம். யாரைப் பார்த்துப் பேசுவது என்று தெரியாமல் பொதுவாகக் கேட்டார்.

“ஏனுங்க, இந்தப் படம் போட்டது ஆருங்க?”

சீனிவாசலு எழுந்தார். செங்கோடன் காகிதத்தை மேஜை மேல் விரித்தார். பம்போடு சேர்த்துக் கொடுக்கும் படம்தான் அது.

“இதுல இருக்கறாப்பலயே வெச்சனுங்க. ஒரு சொட்டுத் தண்ணி ஏறுலீங்க. மோட்டாரு கத்துது, தண்ணி வாரதில்லை. மொளகாச் செடி பூராத் தலையத் தொங்கப் போட்டிருச்சுங்க.”

“பம்ப எங்க வெச்சீங்க?”

“மேலதானுங்க. கெணத்து மேட்டுல.”

எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். கிணற்றை மேலிருந்து கீழாக அறுத்துப் பக்கவாட்டில் பார்த்தாற்போல் வரைந்த படம். பாதி ஆழத்தில் பாறையில் வெட்டிய மேடை ஒன்று இருக்கிறது. அதன் மேல்தான் பம்பு உட்கார வேண்டும். தண்ணீருக்கு ரொம்ப உயரத்தில் வைத்தால் பம்பால் உறிஞ்ச முடியாது. படத்தில் அந்த மேடை வெறும் ஒரு கோடு. செங்கோடன் அந்தக் கோட்டைத் தரை என்று எடுத்துக்கொண்டுவிட்டார். எடுத்துக்கொள்ளாமல் என்ன செய்வார்? மற்றக் கோடுகளைவிட அது தடிமனாக, எடுப்பாக இருந்தது.

அப்படித் தடிமனாகப் போட்டது வெங்கடலட்சுமி. அழகாக இருக்கட்டும் என்று போட்டாள்.

முதலாளி அரங்கசாமி சத்தம் கேட்டு வந்தார். பெரிய பேச்சுப் பேசாத மனுஷர். அன்றைக்கே ஒரு ஃபிட்டரை செங்கோடனோடு அனுப்பி வைத்தார். மூன்றாம் நாள் ஃபிட்டர் திரும்பி வந்து, பம்பை மேடைக்கு இறக்கிவிட்டதாகவும், தண்ணீர் வாய்க்கால் கொள்ளாமல் பாய்கிறதென்றும், செடி முக்கால்வாசி தேறிவிட்டதென்றும் சொன்ன பிறகுதான் வெங்கடலட்சுமிக்குச் சோறு இறங்கியது.

ஆனால் முதலாளி விடவில்லை. “ஒருத்தரு வந்து சொன்னாரு. சொல்லாம பம்ப ஓரங்கட்டிப் போட்டவங்க எத்தன பேரோ. சீனிவாசலு, கெணத்த எட்டிப் பாத்தா எப்படித் தெரியுமோ அப்படி ஒரு படம் வேணும். எழுத்துத் தெரியாதவங்களுக்கும் புரியோணும். ஆடியில அந்தியூர்ச் சந்தையில கடை போடறோம், அதுக்குள்ள வேணும்.”

“அது ஓவியருங்க வேலைங்க,” என்றார் சீனிவாசலு. “நமக்கு மேலருந்து ஒரு பார்வை, பக்கத்துலருந்து ஒரு பார்வை, அவ்வளவுதான் தெரியும்.”

சென்னையில் ஓர் ஓவியருக்குச் சொல்லி அனுப்பினார்கள். வண்ணத்தில் படம் வந்தது. வட்டமான கைப்பிடிச் சுவர், மேலே ராட்டினம், இடுப்பில் குடத்தோடு ஒரு பெண், தூரத்தில் தென்னை மரம். பம்பு அந்தப் பெண்ணின் காலடியில் நாய்க்குட்டி மாதிரி உட்கார்ந்திருந்தது. கொங்குக் காட்டுக் கிணறு, பாறையை உடைத்துச் சதுரமாகத் தோண்டிய பெரும் பள்ளம். வீடே உள்ளே போகும். முதலாளி படத்தைப் பார்த்துவிட்டு, “இந்தக் கெணத்துல பம்பு எதுக்கு, அம்மணியே மொண்டு ஊத்திருமாட்ட இருக்குதே,” என்றார். அறை முழுக்கச் சிரித்தது.

அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ள முடியாமல், “நான் போட்டுப் பாக்கட்டுங்களா?” என்று கேட்டுவிட்டாள் வெங்கடலட்சுமி.

சிரிப்பு நின்றது. முதலாளி அவளை ஒரு கணம் பார்த்தார். “பாரு கண்ணு,” என்றார்.

வீடு போய்ச் சேரும்வரை, ஏன் வாயைக் கொடுத்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு போனாள்.

சீனிவாசலுவுக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் தொழில்நுட்பப் பள்ளி ஒன்றின் நூலகத்திலிருந்து எட்டத்தையும் ஆழத்தையும் தாளில் காட்டும் பெர்ஸ்பெக்டிவ் முறை பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றை இரவல் வாங்கிக் கொடுத்தார். முதல் இரண்டு பக்கத்துக்கு அகராதியைப் புரட்டிப் புரட்டி ஒரு வாரம் ஆயிற்று. பிறகு மெல்லப் பிடிபட்டது. எட்டப் போகப் போகப் பொருள் சிறுக்கும். ஒரே திசையில் ஓடும் கோடுகள் எல்லாம் கண்ணுக்கு ஒரு புள்ளியில் போய்க் கூடும். அந்தப் புள்ளி கண்மட்டத்தில் இருக்கும். தெரு வரைந்தாள், பெட்டி வரைந்தாள், வரைபட அறையையே வரைந்தாள். சரியாகத்தான் வந்தது. கிணறு மட்டும் வரவில்லை. எத்தனை முறை போட்டாலும் மண்ணில் பாதி புதைத்த அலமாரி மாதிரி நின்றது. பள்ளம் தெரியவில்லை.

இந்த நேரத்தில்தான் கம்பெனி அடையாள அட்டைக்குப் போட்டோ கேட்டார்கள். சனிக்கிழமை அரைநாள் வேலை முடித்து, பஸ் பிடித்து, கோட்டைமேட்டுப் பக்கம் ஷேக் பரீத் என்பவர் வைத்திருந்த ஸ்டூடியோவுக்குப் போனாள். முன்னே கேமரா, பின்னே திரை. திரையில் தூண்கள், அகலப் படிக்கட்டு, கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட பளிங்குத் தரை. ஸ்டூலில் உட்காரப் போனவள் திரும்பித் திரும்பித் திரையையே பார்த்தாள்.

“நேராப் பாருங்கம்மா,” என்றார் ஷேக் பரீத்.

“இல்லீங்க, இந்தத் தரை… இந்தப் பக்கத்துக் கட்டம் ஒரு தெசையில ஓடுது, அந்தப் பக்கம் வேற தெசையில ஓடுது. உக்காந்தா வழுக்கி உட்டுருமாட்ட இருக்குதுங்க.”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் உள்கதவுத் திரைக்கு அப்பாலிருந்து ஒரு பெண் குரல், “அப்பாடா! ஒருத்தராச்சும் சொன்னாங்க!” என்றது.

திரையை விலக்கிக்கொண்டு வந்தவள் தாஜுன்னிசா, ஷேக் பரீத்தின் மனைவி. வெங்கடலட்சுமி வயதுதான் இருக்கும். விரலெல்லாம் சாயம். போட்டோக்களுக்கு வண்ணம் தீட்டுவதும் நெகட்டிவில் தழும்பு மறைப்பதும் அவள் வேலை. கேமராவுக்கு எதிரே தொங்கிய அந்தப் பளிங்குத் தரைத் திரையும் அவள் எழுதியதுதான்.

“எல்லாரும் அரண்மனையாட்ட இருக்குதுன்னு சொல்றாங்க. எனக்கு மட்டும் எங்கியோ இடிக்குது. எங்கன்னு தெரியல. இவங்க கிட்டக் கேட்டா, எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்கறாங்க.”

“நல்லாத்தான் இருக்குது,” என்றார் ஷேக் பரீத், கேமராவின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து.

அன்று போட்டோ எடுக்க அரை மணி, பேச்சு இரண்டு மணி. கிளம்பும்போது, தான் புத்தகத்திலிருந்து தமிழில் எழுதி வைத்திருந்த குறிப்புத் தாள்களைத் தாஜுவிடம் கொடுத்துவிட்டு வந்தாள் வெங்கடலட்சுமி. அடுத்த சனிக்கிழமை தாள்கள் ஓரமெல்லாம் சாய விரல் பதிந்து திரும்பி வந்தன. நடுவில் தாஜுவின் கேள்விகள்.

‘கண்மட்டம் என்பது தாளின் நடுக்கோடு அல்ல, பார்க்கிறவரின் கண் இருக்கிற உயரம்’ என்று வெங்கடலட்சுமி எழுதியிருந்ததற்குக் கீழே, ‘இங்கே பார்க்கிறது நானா, கேமராவா?’ என்று தாஜு கேட்டிருந்தாள்.

வெங்கடலட்சுமி பஸ்ஸிலேயே வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பக்கத்து சீட்டு அம்மாள் நகர்ந்து உட்கார்ந்தார். அந்த ஒரு கேள்வியில் எல்லாம் இருந்தது. தாஜு அந்தத் திரையைத் தரையில் விரித்து, அங்கங்கே உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். உட்கார்ந்த இடத்துக்கு ஒரு கண்ணாக, ஒவ்வொரு மூலைக்கும் ஒரு பார்வை சேர்ந்துவிட்டது. கேமராவுக்கோ ஒரே கண்.

மறுவாரம் இருவரும் சேர்ந்து திரையைச் சுவரில் தொங்கவிட்டார்கள். கேமராவின் கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில் நடுவாக ஓர் ஆணி அடித்து, அதில் நூலைக் கட்டினார்கள். நூலை இழுத்துத் தரைக்குக் கொண்டுவந்தால் அதுதான் பளிங்குக் கோடு ஓட வேண்டிய வழி. பழைய தரையில் ஒரு கோடுகூடச் சொன்னபடி கேட்கவில்லை.

“மொத்தமா அழிச்சு எழுதோணும்,” என்றாள் தாஜு. வருத்தமாகச் சொல்லவில்லை. பல்வலிக்குக் காரணமான பல் இன்னதென்று தெரிந்துவிட்டவள் மாதிரிச் சொன்னாள்.

அதன் பிறகு இருவருக்கும் நடுவே ‘நீங்க’ போய் ‘நீ’ ஆயிற்று. தாஜு அவளை ‘வெங்கட்டு’ என்று கூப்பிட்டாள். வாரம் ஒருமுறை குறிப்புகள் கை மாறின. வெங்கடலட்சுமி புத்தகத்து விதிகளை எழுதுவாள். தாஜு, வீணாய்ப்போன போட்டோக்களில் ஊசியால் கோடு கீறி, எது எங்கே போய்க் கூடுகிறது என்று ஒட்டி அனுப்புவாள்.

வைகாசிக் கடைசியில் ஒரு போட்டோ வந்தது. மரத் தொட்டிலில் கிடக்கும் குழந்தையை மேலிருந்து கேமராவைக் குனிய வைத்து எடுத்தது. தொட்டிலின் நான்கு கால்களின் மேல் தாஜு கோடு இழுத்திருந்தாள். நான்கும் கீழ்நோக்கி ஒன்றையொன்று நெருங்கின. அடியில், ‘நிற்கிற கோடும் கூடுது பாரு’ என்று எழுதியிருந்தாள்.

வெங்கடலட்சுமி புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். செங்குத்தாக நிற்கிற கோடுகள் ஒன்றையொன்று நெருங்காமல் நின்றபடியே வரையப்பட வேண்டும் என்று அச்சில் கிடந்தது. படங்களும் அப்படியே. மேலதிகாரி தோரணையில் சிவப்பு மையால் ‘தப்பு. புத்தகத்தில் அப்படி இல்லை. தொட்டில் கோணலாக இருந்திருக்கும்’ என்று எழுதி அனுப்பினாள்.

அடுத்த வாரம் தாள் வரவில்லை. அதற்கு அடுத்த வாரம் இவளும் போகவில்லை. முதலாளி, “எந்த மட்டுல இருக்குது அம்மணி?” என்று ஒருமுறை கேட்டார். “முடிச்சர்றனுங்க,” என்றாள். பொய். பலகையில் அந்தப் புதைத்த அலமாரிதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை உச்சிப்பொழுதில் மாமன் காட்டுக் கிணற்றுக்குப் போனாள். வரைந்து பார்க்கத் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போனாள். மேட்டில் நின்று பார்த்தாள், அடி தெரியவில்லை. குனிந்தாள், தலை சுற்றியது. கடைசியில் விளிம்புக் கல்லில் குப்புறப் படுத்து, தோள்வரை தலையை வெளியே நீட்டிக் கீழே பார்த்தாள். ஜடை கிணற்றுக்குள் தொங்கியது.

அவள் அம்மா ரங்கம்மாள், சாப்பாட்டு நேரத்துக்கு மகளை வீட்டில் காணாமல் தேடிக்கொண்டு வந்தாள். முந்தின மாதம்தான் பல்லடத்து மாப்பிள்ளை வீட்டார், வேலைக்குப் போகிற பெண் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மகள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை; பத்து நாளாக முகம் வேறு சரியில்லை. அந்தத் தாய் தூரத்திலிருந்து பார்த்தது, கிணற்று விளிம்பில் மகளின் இரண்டு கால்களை மட்டும்.

ரங்கம்மாள் போட்ட சத்தத்தில் வரப்பில் மேய்ந்த ஆடுகள் சிதறின. ஓடிவந்து மகளின் இரண்டு கால்கள் மேலும் பொத்தென்று உட்கார்ந்துகொண்டாள்.

“அடி என்ற கண்ணு! அந்தப் பல்லடத்தான் போனாப் போறான்டி! ஊருல வேற மாப்பிள்ளையே இல்லியா!”

“அம்மா… அம்மா, காலு…”

“உட மாட்டேன்! நானும் கூட வாரேன், ரெண்டு பேரும் போயிரலாம்!”

“அம்மா, நான் படம் பாக்கறேன்! கெணத்துக்குள்ள கோடு எங்க போகுதுன்னு பாக்கறேன்! எந்திரிம்மா, இடுப்பு ஒடியுது!”

ரங்கம்மாளுக்கு நம்பிக்கை வரச் சற்று நேரம் பிடித்தது. பக்கத்தில் கிடந்த தாளைப் பார்த்தாள், பென்சிலைப் பார்த்தாள், மகளின் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். அழுத தடம் எதுவும் இல்லை. அதன் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுதபடியே மகளின் முதுகில் ஓர் அறை வைத்தாள். பிறகு சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அப்படி என்னதான்டி இருக்குது உள்ள?” என்று தானும் பக்கத்தில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தாள்.

அடியில் பச்சைத் தண்ணீர் ஒரு சின்னக் கண்ணாடி போலக் கிடந்தது.

“அட,” என்றாள் ரங்கம்மாள். “மேல இத்தன அகலமா இருக்குது, கீழ போகப் போக நாலு மூலையும் ஒண்ணோடொண்ணு சேரப் போறாப்பல இருக்குதே. வெட்டுனவங்க ஒரே அகலமாத்தான வெட்டியிருப்பாங்க?”

“ஒரே அகலம்தாம்மா.”

“அப்பறம் ஏன் சேருது?”

வெங்கடலட்சுமி எழுந்து நின்று, நேரே எதிர்ப்புறத்துப் பனைமரங்களைப் பார்த்தாள். மரங்கள் செங்குத்தாக நின்றன. தலையைக் குனிந்து கிணற்றைப் பார்த்தாள். சுவர்மூலைகள் கீழே கூடின. மறுபடி நிமிர்ந்தாள், மறுபடி குனிந்தாள். புத்தகம் பொய் சொல்லவில்லை. அது நேரே பார்க்கிறவனுக்காக எழுதிய புத்தகம். குனிந்து பார்ப்பவனைப் பற்றி அதில் பேச்சே இல்லை. குனிந்தால் நிற்கிற கோடுகளுக்கும் ஒரு புள்ளி உண்டு. அது கீழே, தண்ணீருக்கும் அப்பால் இருக்கிறது. விதி ஒன்றேதான், பார்வை திரும்பிய திசைக்குக் கூடவே வருகிறது.

அன்று மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

திங்கள்கிழமை வேலை முடிந்ததும் நேரே கோட்டைமேட்டுக்குப் போனாள். தாஜு முகத்தை நிமிர்த்தாமல் ஒரு கல்யாணப் போட்டோவின் மாலைக்கு ரோஜா நிறம் வைத்துக்கொண்டிருந்தாள்.

“தொட்டில் கோணல் இல்ல தாஜு. என்ற கழுத்துத்தான் நேரா நின்னு போச்சு. நீ சொன்னதுதான் சரி.”

தாஜு தூரிகையை வைத்தாள். “செவப்பு மையில எழுதுன பாரு, அதுதான் எனக்கு ஆகல,” என்றாள். “பென்சில்ல எழுதியிருந்தா அப்பவே சண்டைக்கு வந்திருப்பேன்.”

“இனி பென்சில்தான்.”

“கெணத்துக்குள்ள தலைய உட்டியாமா? உங்கம்மா காலு மேல உக்காந்தாங்களாமா?”

“அது உனக்கு எப்படித் தெரியும்?”

“சூலூர்லருந்து நேத்தே ஒருத்தரு போட்டோ எடுக்க வந்தாரு,” என்றாள் தாஜு. அதற்கு மேல் இருவராலும் பேச முடியவில்லை. சிரிப்புச் சத்தம் கேட்டு ஷேக் பரீத் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் இரண்டு டம்ளர் டீ வாங்கிவரப் போனார்.

அதன் பிறகு வேலை ஓடியது. ஒரு சிக்கல் மட்டும். கீழே கூடும் புள்ளி தாளுக்குள் அடங்கவில்லை. பலகையையும் தாண்டி எங்கோ தரையில் விழுந்தது. தாஜு சொன்ன யோசனைப்படி வெங்கடலட்சுமி வரைபட அறையின் தரைப்பலகையில் ஓர் ஆணி அடித்து, அதிலிருந்து சாய்ந்த வரைபலகைக்கு நூல் இழுத்துக் கட்டினாள். சீனிவாசலு முதல் நாளே அதில் கால் இடறி விழப் பார்த்தார். கோபித்துக்கொள்ளப் போனவர், நூல் போகும் வழியைக் கண்ணால் தொடர்ந்து படத்துக்கு வந்ததும் அப்படியே நின்றார். மறுநாளிலிருந்து, வருகிறவர்களிடம், “பாத்து, அங்க நூலிருக்குது, தாண்டி வாங்க,” என்று அவரே வழி சொல்ல ஆரம்பித்தார். பம்பின் உடம்பை எந்தப் பக்கம் திருப்பி வைத்தால் போல்ட்டுகள் தெரியும் என்று யோசித்து, இரண்டு நாள் கூடவே உட்கார்ந்து சரிபார்த்தும் கொடுத்தார்.

சதுரக் கிணறு. ஒரு சுவரில் பக்கவாட்டாக இறங்கும் கல்படிகள், இறங்க இறங்கச் சிறுத்தன. பாதிக்கும் கீழே பாறை மேடை, அதன் மேல் மோட்டாரும் பம்பும். உறிஞ்சும் குழாய் தண்ணீருக்குள் இறங்கியது. மேலேற்றும் குழாய் சுவரோடு ஏறி வாய்க்காலில் வாயைத் திறந்தது. எவ்வளவு உயரம் என்று எண்ணில் எழுதவில்லை. மேடைக்கும் தண்ணீருக்கும் நடுவே மூன்று ஆட்கள் ஒருவர் தோள் மேல் ஒருவர் நிற்பதாக மெல்லிய கோட்டில் வரைந்தாள். அதற்கு மேல் உயரம் ஆகாது என்று பொருள்.

முதலாளி வந்து பலகைக்கு முன்னால் நின்றார். குனிந்து படத்துக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு ஓரடி பின்னால் வைத்தார்.

“தல சுத்துது அம்மணி,” என்றார். “அச்சுக்கு அனுப்பு.”

ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தையில் மாடும் குதிரையும் கூட்டமும் புழுதியுமாக இருந்தது. கம்பெனிக் கடையில் ஒரு மோட்டார் பம்பை நிறுத்தி, பக்கத்தில் படத்தைக் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தார்கள். முதலாளி, வெங்கடலட்சுமியையும் வரச் சொல்லியிருந்தார். துணைக்கு ரங்கம்மாளும் வேனில் ஏறிக்கொண்டாள். நாலு கடை தள்ளி ஷேக் பரீத் ஒரு கூடாரம் அடித்துப் போட்டோக் கடை போட்டிருந்தார். தாஜுவின் புதுத் திரை உள்ளே தொங்கியது.

வெங்கடலட்சுமி காலையிலிருந்தே படக்கட்டுகளைக் கலைத்துக் கலைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். வரைபட அறையில் எல்லோருக்கும் புரிந்தது சரிதான். அவர்கள் எல்லோரும் பம்பு செய்கிறவர்கள்.

பவானிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு புருஷனும் பெண்டாட்டியும் கடைக்கு முன்னால் நின்றார்கள். மோட்டாரைத் தட்டிப் பார்த்தார்கள், விலை கேட்டார்கள். பெண்ணின் பேர் சென்னியம்மாள் என்று அந்த மனுஷர் கூப்பிட்டதில் தெரிந்தது. முதலாளி படத்தில் ஒன்றை எடுத்து அந்தப் பெண்ணிடம் நீட்டிவிட்டு, வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டார்.

சென்னியம்மாள் அதை வாங்கினாள். நேராகப் பிடித்தாள். திருப்பிப் பிடித்தாள். போச்சு, என்று நினைத்தாள் வெங்கடலட்சுமி. தலைகீழாகப் பார்க்கிறார்கள், ஒன்றும் தெரியவில்லை, மூன்று மாசமும் வீண்.

சென்னியம்மாள் குனிந்து படத்தைத் தரையில் வைத்தாள். காற்றில் பறக்காமல் ஓரத்தில் கல் ஒன்றை வைத்தாள். பிறகு கிணற்று மேட்டில் நிற்பது போல அதற்கு நேரே நின்று, இடுப்பில் கை வைத்துக் கீழே பார்த்தாள்.

“ஏனுங்க, இங்க வந்து பாருங்க,” என்று புருஷனைக் கூப்பிட்டாள். “நம்ம கெணறாட்டவே இல்லீங்களா? இந்தா படி எறங்குது. மோட்டார மேல வெக்கக் கூடாதாட்ட இருக்குது. உள்ளார பாறையில உக்கார வெச்சிருக்கறாங்க. நமக்கும் அந்த எடத்துல ஒரு திட்டு இருக்குதே, மாடு கட்டித் தண்ணி எறைக்கறப்பக் கவலைக் கயிறு ஒரசுமே, அங்க.”

“இந்த மூணு பேரு எதுக்கு ஒருத்தன் மேல ஒருத்தன் நிக்கறாங்க?” என்றார் அவர்.

“ஒசரம் காட்டறாங்க. மூணு ஆளு ஒசரத்துக்குள்ள வெய்யின்னு சொல்றாங்க.” நிமிர்ந்து முதலாளியைப் பார்த்தாள். “அப்படித்தானுங்க?”

“அப்படியேதானுங்க அம்மணி,” என்றார் அரங்கசாமி.

வெங்கடலட்சுமி கடைக்குப் பின்னால் போய், வேனின் படியில் உட்கார்ந்துகொண்டாள். அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. மூச்சு மட்டும் அடிவயிறுவரை போய் வந்தது. எத்தனையோ நாளைக்கப்புறம் அப்படிப் போய் வந்தது. ரங்கம்மாள் பொட்டலத்தில் கடலை வாங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதிக் கடலையை அவள் மடியில் கொட்டினாள்.

பொழுது சாயும் நேரத்தில் தாஜு ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்தாள். “வெங்கட்டு, சீக்கரம் வா!”

கூடாரத்தில் ஒரு மிராசுதார், அன்று வாங்கிய வெள்ளைக் குதிரையோடு போட்டோவுக்கு நின்றார். குதிரையைத் திரைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். பின்னால் தூண்கள், படிக்கட்டு, பளிங்குத் தரை எல்லாம் ஒரே ஒழுங்காக உள்ளே ஓடின.

“பாத்தியா,” என்று காதில் சொன்னாள் தாஜு. “குதிரையே வழுக்காம நிக்குது.”

ஷேக் பரீத் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து, “நான் மொதல்லயே சொன்னேன், நல்லாத்தான் இருக்குதுன்னு,” என்றார்.

கூடாரத்துக்கு வெளியே மாடு அவிழ்த்துவிட்ட ஒரு சக்கடா வண்டி சாய்ந்து நின்றது. தாஜு அதன் சக்கரத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். “அடுத்த திரையில ஒரு சாரட்டு வண்டி போடலாம்னு இருக்கறேன். வட்டம் எப்படிப் போகும் வெங்கட்டு? பக்கத்துல நின்னாப் பூசணிக்காயாட்டத் தெரியுது, முன்னால வந்தா முட்டையாட்டத் தெரியுது.”

“புத்தகத்துல அதுக்கு ஒரு பாடம் இருக்குது. நான் இன்னம் படிக்கல.”

“படிச்சுப்போட்டு எழுதிக் குடு. பென்சில்ல.”

இருவரும் குனிந்து, நிமிர்ந்து, பக்கவாட்டில் நகர்ந்து அந்தச் சக்கரத்தைப் பார்த்தார்கள். வண்டிக்காரர், மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தவர், வண்டியில் ஏதோ பழுது என்று நினைத்து எழுந்து வந்து தானும் குனிந்து பார்த்தார்.